செத்தவீட்டுத் தேயிலையும் சிவப்பு ஐஸ்பழமும்

துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தேநீரை அளவாகக் கொடுங்கள். துக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் துணையிருக்கும் இந்தத் தொண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லும் முதல் புத்திமதி இதுதான். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நாங்களும் சிரித்துச் சிரித்துத்தான் இதைப் படித்தோம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் மூத்த மகள் இப்போது உங்களோடு இந்தத் தொண்டில் இருக்கிறாள். "அப்பா, நீங்கள் கண்டதை எழுதித் தாங்கோ, எங்கடை பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டுறன்" என்று கேட்டாள். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் அவள் திருத்துவாள். திருத்தாமல் விட்டால் அது அவளுடைய பிழை.

எண்பதுகளின் நடுவில் வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் எனக்கு வேலை. வாசல் திறப்பது, சந்தைக்குப் போவது, காய்ச்சல்காரப் பிள்ளையைச் சைக்கிள் கரியரில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோவது. அந்த நாட்களில் எந்த வீட்டில் எப்போது சாவு விழும் என்று ஒருவருக்கும் தெரியாது. விடுதியில் தாயையோ தகப்பனையோ கூடப் பிறந்ததையோ இழந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அவர்களில் சிலர் தாங்களாகவே ஒரு குழு சேர்ந்தார்கள். சாவு நடந்த வீட்டுக்குப் பிள்ளையோடு கூடப் போவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பிள்ளை விடுதிக்குத் திரும்பிய பிறகு சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருப்பார்கள், விட்டுப்போன பாடத்தை எழுதிக் கொடுப்பார்கள், கிணற்றடிக்குத் தனியாகப் போகவிடாமல் கூடப் போவார்கள். மற்றப் பிள்ளைகள் இவர்களுக்கு வைத்த பெயர் "செத்தவீட்டுக் கோஷ்டி." பகிடியாக வைத்த பெயரை இவர்கள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள்.

என்னை ஏன் சேர்த்தார்கள் என்றால், என்னிடம் உறுதியான சைக்கிள் ஒன்று இருந்தது. அதோடு நான் பிள்ளை குட்டிக்காரன். "அண்ணை கூடப் போறார்" என்றால் பெண் பிள்ளைகளையும் வெளியே போக விடுவார்கள்.

அந்தத் தேநீர்க் கதைக்கு வருகிறேன். தமையனை இழந்த ஒரு பெடியன்தான் கோஷ்டிக்குக் கிடைத்த முதல் ஆள். ஆளுக்கு ஆள் முறை வைத்து அவனுடைய அறைக்குப் போனார்கள். வெறுங்கையோடு போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. போனவர்கள் எல்லாரும் ஒரு கோப்பைத் தேநீரோடு போனார்கள். பொழுதுபடும் நேரம் நானும் ஒரு கோப்பையோடு போய் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான், கோப்பையைப் பார்த்தான்.

"அண்ணை, கும்பிட்டன். இன்னுமொரு தேத்தண்ணி குடிச்சால் நான் அண்ணனிட்டையே போயிடுவன்."

கோப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். பிறகு அவனே சிரித்துவிட்டான்.

இதைக் கேட்ட ஒரு பிள்ளை சொன்னாள்: "எங்கடை கைக்குச் சும்மா இருக்கத் தெரியேல்லை. அதுக்கு அவன்ரை வயிறு என்ன செய்யும்?"

அவள் குருநகர்ப் பிள்ளை. பெயர் எழுத வேண்டாம் என்று அவளே சொன்னதால் அப்படியே எழுதுகிறேன். என்னைவிட இருபது வயது இளையவள். இந்தத் தொண்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளிடம் கற்றதுதான். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஊர் முழுக்க "வந்திடுவார் பிள்ளை, வந்திடுவார்" என்று சொன்னதாம். மீன் விற்கும் ஒரு மனுசி மட்டும் பக்கத்தில் இருந்து, "வருவாரோ வரமாட்டாரோ எனக்குத் தெரியாதடி மோளே, ஆனா நான் இண்டைக்கு உன்னோடை இருக்கிறன்" என்றாளாம். "அந்த ஒரு சொல்லிலைதான் அண்ணை நான் சாய்ஞ்சு இருந்தனான்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு சட்டம். தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல்.

கேட்க இலேசான சட்டம். எங்கள் ஊரில் அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நேசனின் விஷயத்தில்தான் கண்டோம்.

நேசன் உடுப்பிட்டிப் பெடியன். வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்கிற குடும்பம். சில மாதங்களுக்கு முன் தாய் இறந்துவிட்டாள். அந்தியேட்டி முடிந்து வந்தவன் ஒருவரோடும் கதைப்பதில்லை. சாப்பாட்டு மேசைக்குக் கடைசியாக வருவான், முதல் ஆளாக எழும்புவான். கோஷ்டிக்காரர் பக்கத்தில் போய் இருந்தால் "ஓம்", "இல்லை" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. நல்லாய்ப் படிக்கிறவன். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாக வீட்டுக்குப் போய்விடுவானோ என்று எல்லாருக்கும் பயம். எப்படியாவது அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் கோஷ்டியின் ஒரே கவலை.

அப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை காலை, விடுதிக்குப் பொறுப்பான வோர்டன் ஐயா குசினிப் பக்கம் வந்து எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனுசன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தான் சாப்பிட மாட்டார்.

"நேசன்ரை தகப்பன் முருங்கை மரத்தாலை விழுந்து கால் முறிஞ்சு போச்சாம். பெடியனை ஒருக்கா வரச்சொல்லட்டாம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விளங்குதுதானே?"

எல்லாருக்கும் விளங்கியது. உங்களுக்கு விளங்காமல் இருக்கலாம், சொல்கிறேன். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சாவுச் செய்தியைச் சாவு என்று சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம் இல்லை. காய்ச்சல் என்பார்கள், கொஞ்சம் சுகமில்லை என்பார்கள், வழுக்கி விழுந்தார் என்பார்கள். பிள்ளை வீட்டு வாசலுக்குப் போய்த்தான் மிச்சத்தை அறியும். இரக்கத்தினால் வந்த வழக்கம்தான். ஆனால் அதனாலேயே, வீட்டிலிருந்து ஆள் அனுப்பினால் என்ன சொல்லி அனுப்பினாலும் சாவு என்றே எடுத்துக்கொள்வது எங்களுக்குப் பழகிவிட்டது.

கோஷ்டியின் வாய்க்காரன் பாலா அதற்குள் தேயிலைப் பேணியைத் திறந்துவிட்டான். "அண்ணை, சீனி எவ்வளவு கிடக்கு? செத்தவீட்டுக்கு வெறுங்கையோடை போகேலாது."

"பொறு" என்றாள் குருநகர்ப் பிள்ளை. "செத்தவர் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"வோர்டன் ஐயா."

"ஐயா, உங்களுக்கு ஆர் சொன்னது?"

"வந்த ஆள் பிள்ளை."

"செத்தவர் எண்டே சொன்னவர்?"

"இல்லை... கால் முறிஞ்சது எண்டுதான்..."

"அந்த ஆள் எங்கை?"

"லொறியிலை ஏறிப் போயிட்டான்."

"அப்ப செத்தவர் எண்டு சொன்ன ஆள் ஒருத்தரும் இல்லை."

வோர்டன் ஐயா அவளைப் பாவமாகப் பார்த்தார். "பிள்ளை, உலக வழக்கம் எண்டு ஒண்டு கிடக்கு. நான் சொல்லுறன், பெடியனுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. ஊர்க் கோயில் திருவிழா, அப்பா வரச்சொன்னவர் எண்டு கூட்டிக்கொண்டு போங்கோ."

பாலா மறுபக்கம் இழுத்தான். "அக்கா, நேரை சொல்லோணும் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? அப்பா செத்திட்டார் எண்டு சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போவம்."

அவள் இரண்டையும் கேட்கவில்லை. அவளும் செத்துவிட்டார் என்றுதான் நம்பினாள். அவளுடைய முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நம்புகிறதை விட்டுவிட்டுத் தெரிந்ததை மட்டும் சொல்வதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

நேசன் படிப்பு மண்டபத்தில் தனியாக இருந்தான். அவள் முன்னால் போய் இருந்தாள். நான் கதவடியில் நின்றேன்.

"நேசன், உங்கடை ஊரிலை இருந்து ஆள் வந்தது. அப்பா முருங்கையாலை விழுந்து கால் முறிஞ்சு போச்சாம். உன்னை வரட்டாம்."

அவன் புத்தகத்தை மூடினான். "மெய்யாய் என்ன நடந்தது?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். வந்த ஆள் போயிட்டுது. மிச்சம் ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாதோ, சொல்ல மாட்டியளோ?"

"தெரியாது. நீ பயப்பிடுறதைத்தான் நாங்களும் பயப்பிடுறம். ஆனா தெரியாது. நாங்கள் உன்னோடை வாறம்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அத்தனை நாளில் அவன் ஒரு ஆளின் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு எழும்பிச் சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தான். என் சைக்கிளில் தொங்கிய பையைக் கண்டுவிட்டான்.

"அண்ணை, உது என்ன?"

நான் பையின் வாயை இறுக்கி முடிந்தேன். அவள்தான் சொன்னாள்: "தேயிலையும் சீனியும். வீட்டிலை என்ன நடந்திருந்தாலும் வாற சனத்துக்குத் தேத்தண்ணி வேணும்."

அவன் தலையாட்டினான்.

பஸ் ஓடாத நாள். நாலு சைக்கிள்களில் வெளிக்கிட்டோம். நேசன், பாலா, நான், குருநகர்ப் பிள்ளை. அவளுடைய கரியரில் அறைத் தோழி ஒருத்தி. பாலாவும் நானும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. பெண் பிள்ளைகளும் வெள்ளை. வழியில் கண்ட சனமெல்லாம் சைக்கிளால் இறங்கி நின்று எங்களுக்கு வழி விட்டது. பாலா ஒவ்வொருவருக்கும் துக்கமாகத் தலையாட்டிக்கொண்டு வந்தான்.

சுன்னாகம், அச்சுவேலி தாண்டி வல்லை வெளிக்கு வந்தால், தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று முதுகில் பிடித்துத் தள்ளுகிறது. மற்ற நாளாக இருந்தால் கொண்டாட்டம்தான், பெடல் மிதிக்கத் தேவையில்லை. அன்றைக்கு அந்தக் காற்று எங்களைப் போக விரும்பாத இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போவது போல இருந்தது. நீரேரிப் பாலத்தடியில் நேசன் பிறேக்கைப் பிடித்துவிட்டான்.

"கெதியாய்ப் போகோணும்" என்று பாலா முணுமுணுத்தான்.

"நிப்பம். வீடு அங்கைதானே இருக்கப்போகுது" என்று அவளும் இறங்கிவிட்டாள்.

நேசன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினான். தாய் இறந்த அன்று மாமன்தான் வந்து கூட்டிக்கொண்டு போனாராம். "அம்மாவுக்குக் கொஞ்சம் தலைச்சுத்து" என்றாராம். வழி நெடுகப் பகிடி விட்டாராம். அச்சுவேலிச் சந்தியில் நிறுத்திச் சிவப்புச் சாயம் போட்ட குச்சி ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தாராம்.

"நான் சிரிச்சுக்கொண்டு போனனான் அக்கா. வீட்டுக்குப் போற ஒழுங்கை முகப்பிலை தோரணத்தைக் கண்டன். ஓலையிலை மடிச்ச குருவித் தலையெல்லாம் கீழை பார்த்தபடி, செத்தவீட்டுத் தோரணம். ஓடிப்போய் உள்ளுக்கை நிக்கிறன், என்ரை வாயெல்லாம் சிவப்பு. சனம் முழுக்கப் பார்த்தது. அம்மா கிடக்கிறா, நான் ஐஸ்பழம் திண்டுபோட்டு வந்து நிக்கிறன்."

பாலா "அது உன்ரை பிழை இல்லையடா" என்று தொடங்கினான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். சும்மா நின்றோம். பிறகு அவள் கேட்டாள்:

"ஐஸ்பழம் நல்லா இருந்ததோ?"

நான் பாலாவைப் பார்த்தேன். இதையா கேட்பது?

நேசன் வாயைப் புறங்கையால் துடைத்தான். "ஓம்" என்றான். "நல்லா இருந்தது." அதோடு உடைந்து அழத் தொடங்கினான். சின்னப் பிள்ளை போலச் சத்தம் வைத்து அழுதான். அவள் அவனுடைய சைக்கிள் விழாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறொன்றும் செய்யவில்லை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையில் சீனி சிந்துகிறதா என்று பார்ப்பது போல நின்றேன்.

அழுது முடிந்ததும் அவனே "போவம்" என்றான்.

உடுப்பிட்டியில் அவனுடைய ஒழுங்கை திரும்புகிற இடம் வந்தது. தோரணம் தூரத்திலேயே தெரிந்தது. பச்சைத் தென்னோலை காற்றில் ஆடுகிறது. என் கால் பெடலில் நின்றுவிட்டது. பாலா "முருகா" என்றான். வீட்டு வாசலில் சைக்கிள்கள் குவிந்து கிடப்பதும் தெரிந்தது. குருநகர்ப் பிள்ளை வேதக்காரி, கிறிஸ்தவப் பிள்ளை, அவளுக்குத் தோரணத்தின் கணக்குத் தெரியாது. எங்களுடைய முகங்களைப் பார்த்தே வெளிறிப்போனாள்.

நேசன் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

"மேலை பார்க்குது."

"என்னடா?"

"குருவித் தலை மேலை பார்க்குது!" கத்தினான். "பிள்ளையார் கோயில் திருவிழா! ஒழுங்கைக்குள்ளை பிணம் கிடந்தால் கோயிலிலை பூசையே நடக்காது. அப்பா இருக்கிறார்! அக்கா, அப்பா இருக்கிறார்!"

சைக்கிளை நடு ஒழுங்கையில் போட்டுவிட்டு ஓடினான். நாங்களும் ஓடினோம். வாசலில் கிடந்த சைக்கிள்கள் கோயிலுக்கு வந்த சனத்துடையவை. பூசை பார்த்துவிட்டு அப்படியே முறிந்த காலையும் பார்க்க வந்திருக்கிறார்கள். தகப்பனார் விறாந்தையில் பாயில் கிடந்தார். காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள், எண்ணெய் மணத்தது. மகன் ஓடி வந்து கட்டிப்பிடித்ததும் திகைத்துப் போனார்.

"என்னடா தம்பி, கால்தானே முறிஞ்சது?" என்றவர், பின்னால் மூச்சு வாங்க நின்ற வெள்ளை உடுப்புக்காரரைக் கண்டார். "இவையள் ஆருடைய செத்தவீட்டுக்குப் போயிட்டு வருகினம்?"

பாலா என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன். தெரிந்ததைச் சொல் என்ற சட்டக்காரி நிலத்தைப் பார்த்தாள்.

நேசன்தான் சொன்னான்: "உங்கடை அப்பா."

தகப்பனார் எங்களைப் பார்த்தார். என் கையில் இருந்த பையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார் பாருங்கள், கூடியிருந்த சனமும் சேர்ந்து சிரித்தது. "ஐயோ, சிரிப்புக் காட்டாதேங்கோ, கால் இழுக்குது" என்று தொடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, அந்தப் பையிலை என்ன?"

"தேயிலை ஐயா" என்றேன்.

"சீனியும் கிடக்கோ?"

"ஓம் ஐயா."

"தங்கச்சி!" என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தார். "செத்தவனுக்கும் ஒரு தேத்தண்ணி போடு. சீனியை அள்ளிப் போடு, செத்தவன்ரை சீனிதானே!"

சீனி கிடைக்காத காலம். அன்றைக்கு அந்த விறாந்தையில் குடித்த தேநீர் போல இனிப்பான தேநீரை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

"ஐயா, முருங்கையிலை ஆரும் ஏறுவினமே?" என்று பாலா கேட்டான். "சின்னப் பிள்ளைக்கும் தெரியும், முருங்கைக் கொப்பு முறியும் எண்டு."

அவருடைய சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "எனக்கும் தெரியும் தம்பி. காய் பறிக்கிற கொக்கைத்தடியைத் தேடினன். அது எங்கை கிடக்கு எண்டு அவவுக்குத்தான் தெரியும்."

நேசன் எழும்பிப் பின்பக்கம் போனான். சற்று நேரத்தில் நீளமான கொக்கைத்தடியோடு வந்தான். "அடுப்படித் தாழ்வாரத்துக்கு மேலை செருகி வைச்சிருந்தவ. அம்மா எப்பவும் அங்கைதான் வைக்கிறவ." தாயைப் பற்றி அவன் சாதாரணமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. தகப்பனார் கையை நீட்டி அந்தத் தடியைத் தடவிப் பார்த்தார். பிறகு அவன் முற்றத்தில் நின்று முருங்கைக்காய் ஆய்ந்து, தகப்பனாரின் தங்கச்சியான மாமியின் கையில் கொடுத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அதுதான் கறி. கோஷ்டி முழுவதும் வளைத்திருந்து சாப்பிட்டது. நேசன் கடைசியாக எழும்பினான்.

பள்ளிக்கூடச் சோதனை கிட்டியிருந்தது. "நீ இஞ்சை நிண்டு என்ன, காலை ஒட்டப்போறியே? மாமி இருக்கிறாள். போய்ப் படி, அடுத்த சனி வா" என்று தகப்பனார் கலைத்துவிட்டார். திரும்பும்போது காற்று முகத்தில் அடித்தது. எழும்பி நின்று மிதித்தும் சைக்கிள் நகரவில்லை. ஆனால் அவ்வளவு சிரிப்பும் கத்தலுமாக வல்லை வெளியை ஒருவரும் கடந்திருக்க மாட்டார்கள்.

அச்சுவேலிச் சந்தியில் நேசன் பிறேக் பிடித்தான். பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். அந்த இடத்தில் "வேண்டாம்" என்றோ "வா வாங்குவம்" என்றோ ஒருவரும் சொல்லவில்லை. அவன் ஐஸ்பழக்காரனுக்கு முன்னால் நின்று யோசித்தான். பிறகு திரும்பி, "எல்லாருக்கும் சிவப்பு" என்றான்.

அடுத்த கிழமையிலிருந்து அவனும் கோஷ்டியில் ஒருவன். துக்கத்தில் அவன் துணையிருந்த பிள்ளைகள் பலர் இப்போது உங்களைப் போன்ற பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன்.

அன்று பின்னேரம் நாங்கள் விடுதிக்கு வரும்போது வாசலில் இரண்டு பக்கமும் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். துக்க நாளில் விளையாட்டு வேண்டாம் என்று வொலிபோல் வலையை அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். வோர்டன் ஐயா வெள்ளை வேட்டியோடு முன்னால் வந்து நேசனின் இரண்டு கையையும் பிடித்தார்.

"ஐயா, அப்பாவுக்குக் கால் முறிஞ்சிருக்கு" என்றான் நேசன்.

"ஓம் ராசா. விளங்குது."

"இல்லை ஐயா. மெய்யாய்க் கால்தான்."

"ஓம் ராசா, ஓம்" என்றார் வோர்டன் ஐயா. கண் கலங்கிவிட்டது. "எங்களுக்கு எல்லாம் விளங்குது."

நேசன் திரும்பி எங்களைப் பார்த்தான். பிறகு அந்த வரிசை முழுவதும் காணத்தக்கதாகத் தன் நாக்கை வெளியே நீட்டிக் காட்டினான். செக்கச் சிவப்பு. அவனுக்குப் பின்னால் நாங்கள் எல்லாரும் நீட்டினோம்.

வோர்டன் ஐயா ஒவ்வொரு நாக்காகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் என்னுடையதையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப," என்றார், "வலையைக் கட்டுங்கோவன்."